சின்ன ஊர்க் கல்லூரியில் சேர்ந்திருக்கிறீர்களா? ஆபீஸ், விடுதி, மைதானம் மூன்றையும் பயன்படுத்திக்கொள்வது எப்படி

கலந்தாய்வில் சென்னை, கோவை என்று ஆசைப்பட்டு, கடைசியில் பஸ்ஸில் முக்கால் மணி நேரத்தில் போகிற ஊர்ப்பக்கத்து அரசு கலை அறிவியல் கல்லூரிதான் கிடைத்தது என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிற பிள்ளைகளை ஒவ்வொரு ஜூன், ஜூலையிலும் பார்க்கிறேன். நான் பாடம் எடுப்பது அப்படி ஒரு கல்லூரியில்தான். வகுப்பு போக மீதி நேரத்தில் ஸ்காலர்ஷிப் பாரம் சரிபார்ப்பது, விளையாட்டு அணியோடு பஸ் ஏறிப் போவது என்று பல வேலைகள் என் தலையில் விழுந்திருக்கின்றன, அதனால் எது எங்கே சிக்கும் என்று ஓரளவு தெரியும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பெரிய தன்னாட்சிக் கல்லூரிகளில் மாணவர் நலனுக்கு ஒரு டீன், உதவித்தொகைக்கு ஒரு பிரிவு, வேலைவாய்ப்புக்கு ஒரு பிரிவு என்று பலகை மாட்டிய அறைகள் இருக்கும். நம்மிடம் அதெல்லாம் இல்லை. மொத்தக் கல்லூரியும் ஆறேழு பேர் கையில் ஓடுகிறது: உங்கள் வகுப்பு டியூட்டர், துறைத் தலைவர், ஆபீஸில் ஸ்காலர்ஷிப் பார்க்கிற கிளார்க், நூலகர், பி.டி. சார் என்று எல்லோரும் கூப்பிடுகிற உடற்கல்வி இயக்குநர், என்.எஸ்.எஸ். அலுவலர், விடுதியில் இருந்தால் வார்டன். இவர்களுக்கு உங்கள் முகமும் பெயரும் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தெரியாவிட்டால், நோட்டீஸ் போர்டில் இரண்டு நாள் ஒட்டியிருந்துவிட்டு மழையில் கிழிந்துபோகிற அறிவிப்போடு உங்கள் பணமும் வாய்ப்பும் போய்விடும், அதை யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள். ஆகவே முதல் மாதத்துக்குள் இந்த ஏழு பேரிடமும் ஒரு முறையாவது நேரில் போய்ப் பேசுங்கள். ஏதாவது காரணம் வேண்டுமென்றால் இந்தக் கல்லூரியில்தான் படிக்கிறீர்கள் என்பதற்கான போனஃபைட் சான்றிதழ் கேளுங்கள், லைப்ரரி கார்டு கேளுங்கள், மைதானம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேளுங்கள். கிளார்க்கிடம் போகும்போது மதியச் சாப்பாட்டு நேரத்தையும் தேர்வுக் கட்டணம் கட்டுகிற கடைசி நாளையும் தவிர்த்துவிடுவது நல்லது, அந்த நேரத்தில் யார் போனாலும் எரிந்துதான் விழுவார்.

பணம் வருகிற வழி

சேர்ந்த வாரமே ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்கி, சாதிச் சான்று, வருமானச் சான்று, பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல், பள்ளி டி.சி.யின் நகல், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாவற்றிலும் ஐந்தாறு ஜெராக்ஸ் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாதிச் சான்று ஒரு முறை வாங்கினால் போதும். வருமானச் சான்று அப்படி இல்லை, வருஷா வருஷம் இ-சேவை மையத்தில் புதிதாக எடுக்க வேண்டும், இரண்டாம் ஆண்டில் உதவித்தொகை நின்றுபோகிறவர்களில் பெரும்பாலோர் இதை மறந்தவர்கள்தான்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும், 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆண்களுக்கு அதே தொகையைத் தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலிருந்து கொடுக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இப்போது இரண்டும் உண்டு. பட்டப்படிப்பு முடியும்வரை வரும், வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தடைபடாது. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம். பி.சி., எம்.பி.சி. பிரிவினருக்குத் தனி விண்ணப்பம். எல்லாவற்றுக்கும் உங்கள் யூமிஸ் எண் வேண்டும், பள்ளியில் எமிஸ் எண் இருந்ததே, அதன் கல்லூரி வடிவம். அதில் பெயர், பிறந்த தேதி, ஆதார் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று கிளார்க்கின் கணினித் திரையிலேயே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இனிஷியல் முன்னால் ஓரிடத்தில், பின்னால் இன்னோரிடத்தில் என்று இருப்பதுதான் நம் ஊர் வியாதி.

அப்புறம் வங்கிக் கணக்கு. பணம் ஆதார் வழியாக வருவதால், நீங்கள் பாரத்தில் எழுதிக் கொடுத்த கணக்குக்கு வரும் என்று நினைக்காதீர்கள், கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தீர்களோ அந்தக் கணக்குக்குத்தான் போகும். பள்ளியில் திறந்து மறந்துபோன ஜீரோ பேலன்ஸ் கணக்கில் ஒரு வருஷப் பணம் தூங்கிக்கொண்டிருக்க, இங்கே ஒருவர் ஸ்காலர்ஷிப் வரவில்லை என்று மனு எழுதிக்கொண்டிருப்பார். வங்கிக்குப் போய் ஆதார் இணைப்பு எந்தக் கணக்கில் இருக்கிறது என்று கேட்டாலே தெரிந்துவிடும்.

பஸ் பாஸ் அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவசம், கல்லூரியே பட்டியல் அனுப்பி வாங்கித் தரும். பெண்களுக்கு 2021-இலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணமே இல்லை, ஆனால் புறநகர்ப் பேருந்தில் ஊர் தாண்டி வருகிறவர்கள் பாஸ் எடுத்தே ஆக வேண்டும்.

வருகைப் பதிவு என்கிற கணக்கு

ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள். 75 சதவீதம் என்றால் 68 நாள் வந்திருக்க வேண்டும், ஆக 22 நாள்தான் உங்கள் கையிருப்பு. ஊர்த் திருவிழா, அக்கா கல்யாணம், ஒரு காய்ச்சல் என்று இது எவ்வளவு வேகமாகக் கரையும் என்பது நவம்பரில்தான் தெரியும். 65-க்கு மேல் 75-க்குள் இருந்தால் மருத்துவச் சான்று கொடுத்து, வருகைக் குறைவை மன்னிப்பதற்கான காண்டொனேஷன் கட்டணமும் கட்டினால் எழுத விடுவார்கள், அதற்கும் கீழே போனால் அந்தப் பருவத் தேர்வு இல்லை. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் சின்ன மாற்றங்கள் உண்டு, உங்கள் கையேட்டில் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். பகுதி நேர வேலைக்குப் போகிற பையன்கள் நம் கல்லூரிகளில் நிறைய. டெக்ஸ்டைல்ஸ் கடை, கேட்டரிங், சீசனில் அறுவடை மிஷினோடு போவது என்று. போகிறீர்கள் என்றால் டியூட்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அரசுக் கல்லூரிகளில் பல இடங்களில் ஷிஃப்ட் முறை இருப்பதால் காலை ஷிஃப்டுக்கோ மதிய ஷிஃப்டுக்கோ மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். மறைத்துவிட்டு, பருவக் கடைசியில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து கெஞ்சினால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இன்டர்னல் 25, வெளித்தேர்வு 75 என்பது பல பல்கலைக்கழகங்களில் உள்ள முறை. வெளித்தேர்வில் 75-க்கு 30 எடுக்காமல் இன்டர்னலை மட்டும் நம்பினால் அரியர்தான். முதல் பருவத்தில் ஆங்கிலத்திலும் கணிதத் துணைப்பாடத்திலும் அரியர் விழுவது சகஜம், அதற்காகப் படிப்பை விட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அது எனக்குப் பெரிய வருத்தம். தமிழ் வழியில் எழுத அனுமதி இருக்கிற பாடங்களில் தமிழில் எழுதுவதில் ஒரு குறையும் இல்லை.

விடுதியும் மெஸ்ஸும்

கல்லூரிக்குச் சொந்த விடுதி இல்லையென்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை நடத்துகிற விடுதிகள் பெரும்பாலான டவுன்களில் இருக்கின்றன, 2025-இலிருந்து அவற்றைச் சமூக நீதி விடுதிகள் என்று அழைக்கிறார்கள், சாப்பாடும் தங்குவதும் இலவசம். பி.சி., எம்.பி.சி. விடுதிகளில் வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டராவது இருக்க வேண்டும் என்று ஒரு விதி, பெண்களுக்கு அந்த விதி கிடையாது. கல்லூரி திறந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள், இடங்கள் குறைவு.

கல்லூரி விடுதியில் டிவைடிங் சிஸ்டம் என்றால், அந்த மாதம் ஆன மொத்தச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பது. இதில் மெஸ் செக்ரட்டரி யார் என்பது பிரின்சிபால் யார் என்பதைவிட முக்கியம். ஊருக்குப் போகும்போது முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் அந்த நாள்களைக் கழிப்பார்கள், எழுதாமல் போனால் கழிக்க மாட்டார்கள், எத்தனை நாள் சேர்ந்தாற்போல் போனால் கழிப்பு என்பதை முதல் மாதமே கேட்டு வையுங்கள். விளையாடுகிற பிள்ளைகள் அதிகாலை ஐந்தரைக்கு வெளியே போகவும் சாயங்காலம் கேட் மூடிய பிறகு உள்ளே வரவும் பி.டி. சாரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கி வார்டனிடம் கொடுத்துவிட வேண்டும். பெண்கள் விடுதியில் இந்தக் கடிதம் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது, இருந்தால் பெரும்பாலும் மறுப்பும் இல்லை.

பிரச்சினை என்று வந்தால்

ராகிங் சின்னக் கல்லூரியில் இல்லை என்று சொல்வார்கள். அறிமுகம் என்கிற பெயரில் நடக்கும். சீனியர் பாடச் சொன்னார், ஆடச் சொன்னார் என்பதில் தொடங்குகிற விஷயம்தான் எங்கோ போய் முடிகிறது. 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொலை செய்யப்பட்ட பிறகு, 1997-இல் தமிழ்நாடு இதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், கல்லூரியிலிருந்து நீக்கம். புகாரை டியூட்டரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள், எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கல்லூரிக்குள் சொல்லப் பயமாக இருந்தால் 1800-180-5522 என்ற தேசிய எண் இருக்கிறது, பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம்.

பெண்களுக்கு ஆசிரியராலோ அலுவலராலோ சக மாணவராலோ பாலியல் தொல்லை என்றால், அதைத் தடுப்பதற்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்லூரியில் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். அதன் உறுப்பினர் பெயர்கள் பலகையில் இருக்க வேண்டும். இல்லையென்றால், பலகை எங்கே என்று கேட்பதே ஒரு நல்ல தொடக்கம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். உடனடி உதவிக்கு 181. சின்ன ஊரில் இன்னொரு சங்கடம் உண்டு. புகார் கொடுத்தால் அன்று மாலையே உங்கள் ஊர் டீக்கடையில் பேச்சு வந்துவிடுமோ என்கிற பயம். அது வீணான பயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் குழு விசாரணையின் விவரங்களை வெளியே விடக் கூடாது என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது, விட்டால் அவர்கள்மீதே நடவடிக்கை எடுக்கலாம். போகும்போது நம்பிக்கையான ஒரு பெண் ஆசிரியரைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள்.

மனசு சரியில்லை, தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் 14416. டெலி-மானஸ், இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், காசில்லை. கவுன்சிலர் என்று தனியாக ஒருவர் நம் கல்லூரிகளில் இருப்பது அபூர்வம். உளவியல் படித்தவரா என்று பார்க்காமல், யாரிடம் பேசினால் உங்களுக்குப் பாரம் குறைகிறதோ அந்த ஆசிரியரிடம் பேசலாம், கூடவே அந்த எண்ணையும் போனில் வைத்திருங்கள்.

என்.எஸ்.எஸ்., என்.சி.சி.

சுருக்கமாக. என்.எஸ்.எஸ். என்றால் இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணி, ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். முகாமில் மரம் நடுவது, கோயில் குளம் சுத்தம் செய்வது இருக்கட்டும், ராத்திரி பள்ளிக்கூட வராந்தாவில் எல்லா டிபார்ட்மென்டும் ஒன்றாகப் படுத்துக்கிடக்கிற அந்த ஏழு நாளில்தான் பாதிப் பேருக்குக் கல்லூரி நண்பர்களே கிடைக்கிறார்கள். என்.சி.சி.யில் முதலாண்டிலேயே சேர வேண்டும், பிறகு நுழைய முடியாது. இரண்டாம் ஆண்டில் பி சான்றிதழ், மூன்றாம் ஆண்டில் சி. காவலர் தேர்வில் என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு மூன்றுக்கும் சிறப்பு மதிப்பெண் உண்டு. ராணுவ அதிகாரி வேலைக்கு சி சான்றிதழ் உள்ளவர்களுக்கு எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக நேர்முகத்துக்குப் போகிற வழியே இருக்கிறது. நம் பையன்களில் இது தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

மைதானம்

இனி எனக்குப் பிடித்த இடம்.

பெரிய கல்லூரியில் கபடி செலக்‌ஷனுக்கு அறுபது பேர் வரிசையில் நிற்பார்கள், அதில் பாதிப் பேர் விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவர்கள், ஏற்கெனவே மாநில அளவில் ஆடியவர்கள். நம்மிடம் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் அணி. பள்ளியில் ஒரு தடவைகூட அணியில் இடம் கிடைக்காதவர் இங்கே ஒரே மாதத்தில் கல்லூரி பனியனைப் போட்டுக்கொண்டு வெளியூர்ப் போட்டிக்குப் போய்விடலாம். இது சலுகை மாதிரித் தெரியும், ஆனால் முதல் ஆண்டிலேயே போட்டியில் இறங்கி ஆடுகிறவருக்கும் மூன்று வருஷமும் பெஞ்சில் உட்கார்ந்தவருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று யோசியுங்கள்.

பாதை இப்படி: பல்கலைக்கழகம் தன் கல்லூரிகளை மண்டலங்களாகப் பிரித்திருக்கும். மண்டலத்தில் ஜெயித்தால் மண்டலங்களுக்கு இடையிலான போட்டி, அங்கே நன்றாகச் செய்தால் பல்கலைக்கழக அணிக்கான பயிற்சி முகாம், அதிலிருந்து தேர்வானால் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்துகிற பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி. கபடி, வாலிபால் போன்ற குழு விளையாட்டுகளில் முதலில் தென்மண்டலம், அப்புறம் அகில இந்தியா. அங்கே முதல் வரிசையில் வந்தால் 2020-இல் புவனேஸ்வரில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள். வயது 17-க்கு மேல் 25-க்குள் இருக்க வேண்டும். பல இடங்களில் மண்டலப் போட்டிகள் முதல் பருவத்திலேயே முடிந்துவிடுகின்றன, தீபாவளி கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் ஒரு வருஷம் போச்சு.

பி.டி. சாரைப் போய்ப் பார்க்கும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். பள்ளிச் சான்றிதழ் ஏதாவது இருந்தால் எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் என்ன செய்ய முடியும் என்பதை அளவோடு சொல்லுங்கள்: 400 மீட்டர் இத்தனை செகண்டில் ஓடுவேன், நீளம் இவ்வளவு தாண்டுவேன். போன் ஸ்டாப்வாட்சில் நண்பன் எடுத்த நேரமாக இருந்தாலும் பரவாயில்லை. பல கல்லூரிகளில் பி.டி. பணியிடம் காலியாகக் கிடக்கிறது, வேறு ஏதோ துறை ஆசிரியர் பொறுப்பு பார்ப்பார், அவருக்கு விளையாட்டில் ஆர்வமும் இருக்கலாம், நுழைவுப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதே பெரிய சுமையாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் மாணவர்களே வேலையைத் தூக்கிச் சுமக்க வேண்டும். பல்கலைக்கழக உடற்கல்வித் துறை அட்டவணையை நீங்களே தேடி எடுங்கள், கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே படிவத்தை நிரப்பி அவர் மேசைமேல் வையுங்கள், ஆள் கேட்டு வந்தால் யாரும் மறுப்பதில்லை.

தடகளத்தில் எந்தப் போட்டியை எடுப்பது என்பதில் கொஞ்சம் சூட்சுமம் வேண்டும். எல்லோரும் 100 மீட்டருக்கும் நீளம் தாண்டுதலுக்கும்தான் ஓடுவார்கள், ஹீட்ஸ் என்கிற முதல் சுற்றிலேயே முப்பது நாற்பது பேர். தடையோட்டம், 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ், நடைப் போட்டி, சங்கிலிக் குண்டு எறிதல், ட்ரிபிள் ஜம்ப், பெண்களில் ஏழு போட்டிகள் சேர்ந்த ஹெப்டத்லான், ஆண்களில் பத்து போட்டிகள் சேர்ந்த டெகத்லான், இவற்றில் ஆள் குறைவு. உடம்பு கொஞ்சம் தாங்கும், கற்றுக்கொள்ளப் பொறுமை உண்டு என்றால் இந்தப் பக்கம் வாருங்கள். ஆனால் ஆள் குறைவு என்பதற்காக மட்டும் கம்பூன்றித் தாண்டுதலுக்குப் போகாதீர்கள், சரியான மெத்தையும் சொல்லிக் கொடுக்க ஆளும் இல்லாத இடத்தில் அது ஆபத்து. சங்கிலிக் குண்டும் அப்படித்தான், வலைக் கூண்டு இல்லாத மைதானத்தில் கையில் எடுக்கவே கூடாது. எறிகிறவர்கள் கவனிக்க: ஆண்கள் குண்டு இங்கே 7.26 கிலோ, பள்ளியில் எறிந்ததைவிடக் கனம். பள்ளித் தூரத்தைச் சொல்லிக்கொண்டு இருக்காமல் ஜூலையிலேயே புதுக் குண்டைக் கையில் பழக்குங்கள். வட்டு 2 கிலோ, ஈட்டி 800 கிராம். பெண்களுக்குக் குண்டு 4, வட்டு 1 கிலோ, ஈட்டி 600 கிராம்.

நம் மைதானம் பெரும்பாலும் 200 மீட்டர் மண் ட்ராக், அதுவும் விளையாட்டு விழாவுக்கு முந்தின நாள் சுண்ணாம்புத்தூள் போட்டால்தான் கோடே தெரியும். வளைவு சிறியதாக இருப்பதால் நேரம் கூடத்தான் வரும், அதைப் பார்த்துச் சோர வேண்டாம். ஆனால் போட்டி திருச்சி அண்ணா ஸ்டேடியத்திலோ மதுரை எம்.ஜி.ஆர். ஸ்டேடியத்திலோ சிந்தெடிக் ட்ராக்கில் நடக்கும், அங்கே முதல் தடவை காலை வைக்கிறவருக்கு இரண்டு விஷயம் புதிதாக இருக்கும். ஒன்று, லேன். 400 மீட்டரில் இரண்டாம் லேன்காரர் உங்களைவிட ஏழு மீட்டர் முன்னால் நிற்பார், வெளி லேன்காரர் இன்னும் எங்கோ நிற்பார், அதைப் பார்த்துப் பதறி முதல் 200 மீட்டரிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடக் கூடாது. இன்னொன்று, ஓட்டம் கிளம்பும்போது காலை ஊன்றி உந்துகிற ஸ்டார்ட்டிங் பிளாக். துப்பாக்கிக்கு முன்னால் கிளம்பினால் எச்சரிக்கையெல்லாம் கிடையாது, ஒரே தடவையில் வெளியே. டெகத்லான், ஹெப்டத்லானில் மட்டும் ஒரு முறை மன்னிப்பார்கள். ஆகவே போட்டிக்கு முன்தினமே போய், பி.டி. சாரிடம் கேட்டு, பிளாக்கில் பத்து இருபது ஸ்டார்ட் எடுத்துவிடுங்கள். மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பார்த்துக் கேட்டால் பக்கத்து ஊர் ஸ்டேடியத்தில் வாரம் ஒரு நாளாவது ஓட அனுமதி கிடைக்கலாம். ஸ்பைக்ஸ் வாங்குவதாக இருந்தால் ஆணியைக் கழற்றி மாட்டுகிற மாதிரி வாங்குங்கள், மண்ணுக்கு நீளமானது, சிந்தெடிக்குக்கு 9 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது, சில ஸ்டேடியங்களில் 6-க்கு மேலேயே விட மாட்டார்கள். ஒரு அணிக்கு இரண்டு ஜோடி இருந்தால் ஹீட்ஸ் மாறி மாறி வரும்போது மாற்றிப் போட்டுக்கொண்டு சமாளித்துவிடுகிறார்கள் நம் பிள்ளைகள், பாதம் ஒத்துப்போனால் சரி.

ரிலேயை விட்டுவிடாதீர்கள். தனிப்பட்ட வேகத்தில் நம்மைவிடப் பெரிய கல்லூரிகளை 4x100-இல் கைமாற்றத்தில் மட்டுமே முந்த முடியும். மாற்றிக்கொள்கிற பகுதி இப்போது 30 மீட்டர், வாங்குகிறவர் முழு வேகத்தில் இருக்கும்போது தடி கைக்கு வர வேண்டும். பெரிய கல்லூரி நட்சத்திரங்கள் நால்வரும் போட்டிக்கு முந்தின நாள்தான் ஒன்றாக ஓடிப் பார்ப்பார்கள். நீங்கள் தினமும் சாயங்காலம் ஒன்றாகத்தானே நிற்கிறீர்கள், அரை மணி நேரம் தடியை மட்டும் கைமாற்றுங்கள்.

பயிற்சிக்குப் பெரிய அட்டவணை வேண்டாம். வெயில் ஏறுவதற்கு முன் காலையில் ஒரு மணி நேரம், வாரத்தில் மூன்று நாள் ஓட்டம், இரண்டு நாள் உடம்பு வலு, அதற்கு ஜிம் தேவையில்லை, குந்தி எழுதல், தண்டால், படிக்கட்டு ஏறி ஓடுதல், ஆற்று மணல் இருந்தால் அதில் துள்ளி ஓடுதல். ஒரு நாள் கட்டாய ஓய்வு. அக்டோபர், நவம்பர் மழையில் மைதானம் குளமாகிவிடும், அப்போது வராந்தாவில் வலுப் பயிற்சி. சாப்பாட்டில் விலை ஏறின பவுடர் டப்பாக்கள் வேண்டவே வேண்டாம். வேர்க்கடலை, சுண்டல், முட்டை, கம்பங்கூழ், வாழைப்பழம் போதும், மெஸ்ஸில் விளையாட்டுப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு முட்டை கேட்டு வாங்குங்கள். பவுடரில் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் ஊக்கமருந்துச் சோதனை உண்டு. சில சளி மாத்திரைகளில் இருக்கிற சூடோஎஃபெட்ரின்கூட அளவு மீறினால் சிக்கல்தான். போட்டி வாரத்தில் மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடாமல், டாக்டரிடம் நான் விளையாட்டு வீரர் என்று சொல்லி எழுதி வாங்குங்கள்.

மாற்றுத்திறன் உள்ள மாணவர்கள் மைதானத்தின் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பதைப் பார்த்திருக்கிறேன், பல ஆசிரியர்களுக்கும் பாரா விளையாட்டுகள் என்று ஒரு வழி இருப்பது நினைவுக்கு வருவதில்லை. சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியிலிருந்து வந்து, சேலத்திலேயே ஒரு கலைக் கல்லூரியில் பி.பி.ஏ. படித்த மாரியப்பன் தங்கவேலுதான் 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். பி.டி. சாருக்குத் தெரியாவிட்டால் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் வகைப்பாடு, அதாவது எந்தக் குறைபாட்டுப் பிரிவில் போட்டியிடலாம் என்று முடிவு செய்வது, எங்கே செய்வார்கள் என்று கேளுங்கள், முதலில் அதுதான் தேவை.

ஓ.டி., சான்றிதழ், கடைசி வருஷம்

மண்டலப் போட்டி நான்கு நாள், பயிற்சி முகாம் பத்து நாள், வெளிமாநிலப் போட்டி பயணத்தோடு ஒரு வாரம். கூட்டினால் 21. மேலே சொன்ன 22 நாளில் மீதி ஒன்று! அதனால்தான் ஓ.டி. கடிதம், அதாவது கல்லூரிக்காகப் போன நாள்களை வந்ததாகவே கணக்கில் வைக்கச் சொல்கிற ஆன் டியூட்டி கடிதம். போவதற்கு முன்பே பி.டி. சார் கையெழுத்தோடு துறைத் தலைவரிடம் கொடுத்து, திரும்பி வந்ததும் கலந்துகொண்ட சான்றின் நகலை இணைத்து, பதிவேட்டில் ஏறிவிட்டதா என்று கண்ணால் பாருங்கள். போகிற நாள்களில் இன்டர்னல் தேர்வு இருந்தால் மறுதேர்வு கேட்டு அதே கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். விளையாடுகிற பையனுக்குப் படிப்பு வராது என்று இளக்காரமாகப் பார்க்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் முன்கூட்டியே நேரில் போய்ச் சொன்னால் பெரும்பாலோர் இறங்கி வருவார்கள்.

தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, வருமான வரி, தபால் துறையிலும் தனித்தனி ஆள்சேர்ப்பு உண்டு. எந்த விளையாட்டு, எந்த அளவுப் போட்டி, எந்த இடம் என்பதற்குப் பட்டியல் இருக்கும், ஏதோ ஒரு அழைப்புப் போட்டியில் வாங்கிய கோப்பை அங்கே செல்லாது. மத்திய அரசு வேலைக்குப் பல்கலைக்கழக அணியில் ஆடியதற்கான சான்று படிவம் 3-இல், பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக்குப் பொறுப்பான அதிகாரி கையெழுத்தோடு இருக்க வேண்டும். போட்டி முடிந்த அன்று கொடுக்கிற வண்ணச் சான்றிதழ் வேறு, இந்தப் படிவம் வேறு. படிவத்தை அந்த வருஷமே வாங்கிவிடுங்கள். நான்கு வருஷம் கழித்து வேலைக்கு அழைப்பு வந்தபிறகு போனால் அந்த அதிகாரி மாறியிருப்பார், பழைய அணிப் பட்டியலைத் தேட ஆள் இருக்காது.

மூன்றாம் ஆண்டு மார்ச்சில், பாக்கி எதுவும் இல்லை என்று காட்டுகிற நோ டியூஸ் படிவத்தைத் தூக்கிக்கொண்டு அலையும்போது நூலகம், ஆய்வகம், விடுதி, விளையாட்டு அறை என்று எல்லா இடத்திலும் கையெழுத்து வேண்டும். விளையாட்டு அறையில் பெரும்பாலும் நிலுவையாக இருப்பது ட்ராக் சூட்டும் ஒரு ஜோடி ஸ்பைக்ஸும்தான். ட்ராக் சூட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லலாம், வைத்துக்கொள்ளவும் சொல்லலாம், கல்லூரிக்குக் கல்லூரி வழக்கம் வேறு. ஸ்பைக்ஸை மட்டும் துடைத்து, ஆணியைக் கழற்றித் தனிக் கவரில் போட்டு, அடுத்து ஓடப்போகிற முதலாண்டுப் பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் பி.டி. சார் முன்னாலேயே கொடுங்கள்.